பேர் இல்லாத மாத்திரை

மருந்துக்கடைக்காரிக்கு யாரைக் கண்டாலும் ஒரு இளப்பம்தான். டாக்டர் சீட்டைக் கையில் வாங்கும்போதே உதட்டைப் பிதுக்குவாள். "இந்தக் கிறுக்கலுக்கா இவரை இத்தனை வருஷம் படிக்க வச்சாங்க?" என்று சீட்டு கொண்டுவந்தவரிடமே கேட்பாள், ஏதோ அவர்தான் பீஸ் கட்டிப் படிக்க வைத்த மாதிரி. சீட்டில்லாமல் வந்து, "அந்தச் சிவப்பு மாத்திரை ரெண்டு குடுங்க" என்று நிற்பவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். "சிவப்பா என்கிட்ட ஐம்பது தினுசு இருக்கு. எதைத் தின்னுட்டுச் சாகப் போறே?" கல்லாவில் உட்கார்ந்திருக்கும் புருஷன் அந்த மாதிரி நேரங்களில் தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை அடுக்குவார். அவரையும் அவள் விட்டுவைத்ததில்லை. "அவருக்குக் கூட்டல் கழித்தல் வரும். அதுக்கு மேலே எதிர்பார்த்தா நம்ம தப்பு" என்று வந்தவர் போனவர் முன்னாலேயே சொல்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

தொழிலில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்குக் கொடுக்கிற அளவை ஒரு டாக்டர் கைக்குழந்தைக்கு எழுதிவிட்டதைப் பார்த்துவிட்டு, அவரை போனில் பிடித்து, "குழந்தைக்கா, குதிரைக்கா?" என்று கேட்டவள். கேட்டது சரிதான். அதற்கப்புறம் அந்த டாக்டர் தன்னிடம் வருகிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பினார். அதுவும் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒரே மகள். பதினாலு வயது. தூசி பட்டால் தும்மல், வெயில் பட்டால் தலைவலி. கடையே கதியென்று கிடக்கும் வீட்டில் பெண் படிக்க மாட்டாள் என்று விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்த அன்று, பெட்டி படுக்கையை இறக்குவதற்கு முன்னாலேயே சிக் ரூமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு சட்டம். பிள்ளைகள் கொண்டுவருகிற மருந்து எதுவானாலும் நர்ஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பேர் எழுதின பெட்டியில் வைத்து, அலமாரியில் பூட்டி, வேளாவேளைக்கு நர்ஸே எடுத்துக் கொடுத்து, முழுங்குகிற வரைக்கும் பார்ப்பார். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் வாயில் வைத்து இழுக்கிற பம்பை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளலாம். மற்றபடி ஒரு இருமல் மிட்டாய்கூட அறைக்குப் போகக் கூடாது.

நர்ஸ் கனத்த உடம்புக்காரி. நடந்தால் இடுப்பில் சாவிகள் குலுங்கும். பிள்ளைகள் வைத்திருந்த பேரே சாவிக்கொத்து. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையை நீட்டினாள்.

மருந்துக்கடைக்காரி ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். கத்தரித்த மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று கொட்டின. தும்மலுக்கு நாலு, தலைவலிக்கு ஆறு, வாந்திக்கு ரெண்டு. வாடிக்கையாளருக்கு வெட்டிக் கொடுத்தது போக மிச்சமானவை.

நர்ஸ் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல மருந்துப் பேர் பாதிதான் இருக்கு. தேதியே இல்லையே?"

"நான் மருந்துக்கடை வச்சிருக்கேன், சிஸ்டர். பேர், தேதி எல்லாம் என் தலையில இருக்கு."

"அப்போ தலையை இங்கே விட்டுட்டுப் போறீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற அப்பா அம்மாக்கள் சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரிக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. அவளை அப்படி யாரும் வாரியதில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்த சிரப் பாட்டில்களின் மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் போய் பிரிட்ஜைத் திறந்தாள். இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா.

"இது எந்தப் பிள்ளைக்கு, சிஸ்டர்? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இந்தத் தடவை வரிசை அவளுக்காகச் சிரித்தது. நர்ஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எனக்கும் பசிக்கும்ல. டப்பாவை எடுத்துடறேன். நீங்களும் இந்தக் குப்பையை எடுத்துட்டு, முழு அட்டையா, டாக்டர் சீட்டோட கொண்டாங்க. அடுத்தவங்க வாங்க."

குப்பை! அவள் கடை மருந்தைக் குப்பை என்றுவிட்டாள். பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தவள், மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து நாப்கின் பாக்கெட் ஒன்றை எடுத்து, ஓரத்தைப் பிரித்து, நாப்கின்களுக்கு நடுவில் அட்டைகளைச் செருகினாள்.

"இதை எவளும் திறந்து பார்க்க மாட்டா. தும்மினா இது. தலைவலிச்சா இந்த வெள்ளை, நீளமா இருக்கே, இது. அந்தச் சாவிக்கொத்துகிட்டப் போய் நிக்காதே. அவளுக்கு மருந்தும் தெரியாது, மரியாதையும் தெரியாது."

வாசலில் நின்ற புருஷன் மெல்ல, "முழு அட்டையாவே வாங்கிக் குடுத்திருக்கலாமே. நம்ம கடையில இல்லாததா?" என்றார்.

"நீங்க போய் மெத்தையை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். முதல் தடவை போனபோதே மகள், "அம்மா, எல்லாம் தீர்ந்துபோச்சு" என்றாள்.

"அத்தனையுமா? அவ்வளவு தலைவலியா உனக்கு?"

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு இல்லம்மா. எங்க ரூம்ல, பக்கத்து ரூம்ல, எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. சாவிக்கொத்துகிட்டப் போனா, ‘நடிக்கிறியா, டெஸ்ட் இருக்கா’ன்னு கேக்கறாங்க. ஜுரமானி வாயில இருக்கும்போதே திட்டறாங்க. என்னை எல்லாரும் டாக்டரம்மான்னு கூப்பிடறாங்க."

"நீ என்ன சொல்லிக் குடுக்கறே?"

மகள் நிமிர்ந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, உதட்டைப் பிதுக்கினாள். "‘கேள்வி கேக்காதே. வாயைத் திற, முழுங்கு’ன்னு சொல்லுவேன்."

மருந்துக்கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அச்சு அசல் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. படிப்பு வந்தாலும் வராவிட்டாலும் இந்த ரத்தம் பொய்யாகாது என்று நினைத்துக்கொண்டாள். "வெறும் வயித்துல மட்டும் குடுத்துடாதே" என்று சொல்லி, அடுத்த மாதம் இரண்டு பங்காகக் கொண்டுபோனாள். யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்கத்தான் தன் கடையில் அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள். "வேற என்ன மாத்திரை சாப்பிடறே? அலர்ஜி உண்டா? மூச்சு வாங்குமா?" கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பாள். மகளிடம் சொல்லத் தோன்றவில்லை. சாவிக்கொத்தின் மூக்கை உடைத்த சந்தோஷத்தில் அதெல்லாம் மறந்தேபோயிற்று.

ஒரு வேலை நாள், காலை வியாபாரம் கொஞ்சம் ஓய்கிற நேரம். கடை போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"ஸ்கூல் நர்ஸ் பேசறேன். உங்க பொண்ணு வச்சிருந்த மாத்திரை என்னன்னு சொல்லுங்க. அட்டையில பேர் இல்ல. வெள்ளையா, நீளமா."

மாட்டிக்கொண்டோம் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. நாப்கின் பாக்கெட்டைக் குடைந்து பார்த்துவிட்டாள், இப்போது பிரின்சிபால் முன்னால் நிறுத்தி மானத்தை வாங்கப் போகிறாள். கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன மாத்திரை? நான் ஒண்ணும் குடுத்தனுப்பலையே" என்றாள்.

"இங்க பாருங்க. உங்க ஒழுங்கைப் பத்தி நான் பேச வரல. வயித்து வலின்னு ஒரு பொண்ணுக்கு உங்க பொண்ணு குடுத்திருக்கா. அந்தப் பொண்ணுக்கு மூச்சிரைப்பு உண்டு. இப்போ மூச்சு இழுக்குது, பம்புக்கு அடங்கல. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பேர் மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. உங்க அலமாரியிலேருந்து போயிருக்கும். நல்லாப் பாருங்க." போனை வைத்துவிட்டாள்.

"என்ன போன்?" என்றார் புருஷன்.

"ஒண்ணுமில்லை. அந்தச் சாவிக்கொத்து. யாருக்கோ மூச்சிரைப்பாம், அதுக்கும் நான்தான் கிடைச்சேன். வெள்ளையா நீளமா இருக்கற மாத்திரைக்குப் பேர் சொல்லணுமாம்." எதிரே நின்றவரிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன?" என்றாள். அவர் நீட்டிய சீட்டு கையில் இருந்தது. எழுத்து கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. மூச்சிரைப்பு. அந்த வெள்ளை மாத்திரை மூச்சிரைப்புக்காரர்களில் சிலருக்கு ஆகவே ஆகாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள்.

அவள் திரும்பியபோது புருஷன் கல்லாவை விட்டு எழுந்து, வலி மாத்திரை அடுக்கிலிருந்து முழுப் பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கடையில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. போனில், "சிஸ்டர், எழுதிக்கிறீங்களா? டைக்ளோபினாக். அம்பது. ஆமா, எங்க கடையிலேருந்து வந்ததுதான். ஆமா, என் பொண்டாட்டிதான் குடுத்தனுப்பினா. எத்தனை மணிக்கு முழுங்கினாளா? அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று, பில் படிக்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் கார் சாவியை அவள் முன்னால் வைத்தார்.

"நீ போ. நான் கடையைப் பார்த்துக்கறேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் கண்ணில் பட்டது நர்ஸ்தான். பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ. அந்தப் பெண்ணுடையதாக இருக்கும். மருந்துக்கடைக்காரியைப் பார்த்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தால், நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஷூவைப் பார்த்தாள். திட்டக்கூட லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கா?"

"மூச்சு கொஞ்சம் அடங்கியிருக்கு. வயித்து வலிக்கு இதே மருந்தை ஊசியாப் போட எடுத்துட்டாங்க. உங்க வீட்டுக்காரர் போன் வந்துச்சு, நிறுத்திட்டாங்க."

பிரின்சிபால் அதற்குள் வந்து, மருந்துக்கடைக்காரியின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். வெளுத்து விறைத்த உடை, வாயில் ஏலக்காய் வாசனை. "பொண்ணு பிழைச்சிட்டா, அதுதான் முக்கியம். இதை இப்போ பெருசு பண்ணினா யாருக்கு லாபம், சொல்லுங்க? உங்க பொண்ணு பேரும் கெடும், ஸ்கூல் பேரும் கெடும்."

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"சிக் ரூம் அலமாரி இன்னிக்குப் பூட்டாம இருந்துச்சு, பிள்ளைங்க எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். அந்த சிஸ்டர் மேல ஏற்கெனவே புகார் இருக்கு. பிரிட்ஜுல சாப்பாடு வைக்கறாங்க, நீங்களே பார்த்தீங்களாமே? எப்படியும் மாத்தத்தான் போறோம். அந்தப் பொண்ணோட அம்மா பஸ் கண்டக்டர். போன்ல அப்படித்தான் சொல்லிவச்சிருக்கேன், நம்பிட்டாங்க."

மறுத்துவிட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரிக்கு உடனே தோன்றியது என்று சொன்னால் அது பொய். அலமாரி என்று போனில் முதலில் சொன்னவளே அவள்தான். சாவிக்கொத்தை வீட்டுக்கு அனுப்பலாம், மகள் தப்பிப்பாள், தானும் தப்பிக்கலாம். ஒரு தலையாட்டல் போதும். ஆனால் பிரின்சிபால் அவள் முழங்கையை இன்னும் விடவில்லை. கட்டை விரலால் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பல நாள் பழகின கூட்டாளி மாதிரி. இவள் என்னையும் தன் ஜாதி என்று நினைத்துவிட்டாளே என்று மருந்துக்கடைக்காரிக்குக் அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு, நான் வேறு என்னவாம் என்ற கேள்வியும் வந்தது. கையை உதறிக்கொண்டாள்.

அதே நேரம் உள்ளேயிருந்து கண்டக்டர் வெளியே வந்தாள். வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். சீருடை சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, தோளில் டிக்கெட் பை அப்படியே தொங்கியது. கையில் டாக்டர் கொடுத்த சீட்டு.

"நீங்க மருந்துக்கடை வச்சிருக்கிறவங்கன்னு சொன்னாங்க" என்று அவளிடமே வந்தாள். "இதைக் கொஞ்சம் பாருங்கம்மா. இனிமே எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லிடுங்க. ஒரு தடவை நடந்ததே போதும்."

மருந்துக்கடைக்காரி சீட்டை வாங்கினாள். சுத்தமான எழுத்து. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். எந்த வலி மாத்திரை கூடாது, எந்தெந்தப் பேரில் அது கடையில் கிடைக்கும், சளி மருந்துக்குள்ளேகூட அது ஒளிந்திருக்கும், எங்கே போனாலும் வாங்குவதற்கு முன்னால் மூச்சிரைப்பு உண்டென்று சொல்ல வேண்டும். கண்டக்டர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டாள்.

"நல்லாச் சொன்னீங்க. இந்தப் பாழாப்போன மாத்திரையை யார் குடுத்தாங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. அலமாரி திறந்து கிடந்துச்சாமே?" என்று நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

நர்ஸ் ஷூவோடு எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரி சொல்லிவிட்டாள்.

"அலமாரி பூட்டித்தான் இருந்துச்சு. அது என் கடை மாத்திரை. இவங்க வாங்க மாட்டேன்னு சொன்னதை நான்தான் ஒளிச்சு வச்சுக் குடுத்தனுப்பினேன். என் பொண்ணுதான் உங்க பொண்ணுக்குக் குடுத்திருக்கா. அவ தெரியாம குடுத்தா. எனக்குத் தெரியும்." நர்ஸ் பக்கம் கையைக் காட்டினாள். "போன் பண்ணிப் பேர் கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு."

பிரின்சிபால் தரையைப் பார்த்தாள். கண்டக்டர் மருந்துக்கடைக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் பஸ்ல டிக்கெட் எடுக்காம வர்றவன்கூட, எங்கே ஏறினேன்னு கேட்டா சொல்லிடுவான்" என்றாள். "உள்ளே என் பொண்ணு மூச்சு விட முடியாம கிடக்கறான்னு தெரிஞ்சும் தெரியாதுன்னு சொன்னியா நீ?"

இதுவரை நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவள். கண்டக்டர் மருந்துக்கடைக்காரியின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கவில்லை. இரண்டு விரலால், அழுக்குத் துணியை எடுக்கிற மாதிரி உருவிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே நர்ஸ் ஷூவை எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளி மகளை இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு அனுப்பியது. காரில் வரும்போது அவள், "அவ மூச்சு விடறதுக்கு விசில் மாதிரி சத்தம் வந்துச்சும்மா. சிஸ்டர் என்ன மாத்திரைன்னு கேட்டாங்க. நான் உடனே அட்டையை எடுத்துக் குடுத்துட்டேன். எனக்குப் பேர் தெரியல" என்றாள்.

"நான் சொல்லித் தரலை."

"அப்பாதான் பேர் சொன்னாராமே?"

"ஆமா."

"நீ எடுக்கலையா போனை?"

"எடுத்தேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் உதடு பிதுங்குவது மருந்துக்கடைக்காரிக்குத் தெரிந்தது. எத்தனையோ பேருக்கு அவள் காட்டிய முகம்தான். தன் பக்கம் திரும்பினால் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அந்த இரண்டு வாரமும் மகள் ஏதாவது வேண்டுமென்றால் கல்லாவுக்குத்தான் போனாள். தும்மலுக்குக்கூட, "அப்பா, அந்த மாத்திரை எடுத்துக் குடுங்க" என்பாள். அவர் எழுந்து போய்த் தேடி எடுத்து, "பேரைப் படி" என்று அவளிடம் நீட்டுவார். மருந்துக்கடைக்காரி பார்த்துக்கொண்டே வேறு யாருக்கோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பாள்.

மகள் பள்ளிக்குத் திரும்பும்போது மருந்துக்கடைக்காரி முழு அட்டை, பெட்டி, பேர், டாக்டர் சீட்டு எல்லாம் கொண்டுபோனாள். நர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜன்னலோரம் திரை போட்டிருந்தது. பிரிட்ஜில் என்ன இருந்ததோ, இவள் திறந்து பார்க்கவில்லை.

"தும்மலுக்கு இது போதும். இந்தத் தைலம் எதுக்கு? எடுத்துட்டுப் போங்க."

"சரி."

"பெட்டியை நான் சோதிப்பேன். நாப்கின் பாக்கெட்டையும் சேர்த்து."

"சரி, சிஸ்டர்."

"தலைவலின்னு வர்ற பிள்ளையை இனிமே நடிக்கிறியான்னு கேக்க மாட்டேன்" என்றாள் நர்ஸ், அட்டைகளை அடுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல். "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது." பூட்டிவிட்டு, வழியை விடச் சொல்கிற மாதிரி கையைக் காட்டினாள்.

பெற்றோர் வருகிற அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரி போனபோது, மகளும் அவளும் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண், மூச்சிரைப்புக்காரப் பெண், தன் அம்மாவோடு அந்தப் பக்கமாகப் போனாள். கண்டக்டர் நேரே பார்த்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண்ணும் திரும்பவில்லை.

"உன்கூடப் பேசறதில்லையா அவ?"

"பேசுவா. அவங்க அம்மா என்கூடச் சேரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதனால அவங்க வர்ற அன்னிக்குப் பேச மாட்டா. சாயங்காலம் அவங்க போனதும் வருவா."

மருந்துக்கடைக்காரிக்கு நாக்கு நுனி வரைக்கும் ஏதோ வந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு இவ்வளவு திமிரா என்பது போல ஒன்று. மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவள் மாதிரி.

"சரி, பேசு" என்றாள். "அவங்க அம்மாவுக்குத் தெரியாம பேசறதை மட்டும் விட்டுடு. போய் நீயே கேளு, பேசலாமான்னு."

"திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும்."

மகள் எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, மைதானத்துக்குக் குறுக்கே நடக்க ஆரம்பித்தாள்.